காப்பகத்து நாய்க்கு இதயப் புழு: ஊசியா, மாத்திரையா, சும்மா விடுவதா?

கதிர்_ஹூஸ்டன்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வயது மதிக்கத்தக்க கலப்பின நாய் ஒன்றைக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறோம். பெயர் முத்து. கிழக்கு டெக்சாஸில் நெடுஞ்சாலை ஓரமாகத் திரிந்துகொண்டிருந்தவனாம். கொடுக்கும்போதே இதயப் புழு இருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் மருத்துவர் மறுபடியும் சோதித்தார். புழு இரத்தத்தில் விடும் பொருளைத் தேடும் ஆன்டிஜென் சோதனை பாசிட்டிவ், இரத்தத்தில் அதன் குஞ்சுகளான நுண்புழுக்களும் நெளிகின்றன. ஆனால் இவனை நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருமல் இல்லை, இளைப்பு இல்லை, தட்டில் ஒரு பருக்கை மிஞ்சுவதில்லை.

மருத்துவர் சொல்வது ஆர்சனிக் சேர்ந்த ஊசி. மொத்தச் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும். மாதக்கணக்கில் ஓடவிடக் கூடாது என்கிறார். விருதுநகரில் இருக்கும் மாமாவிடம் சொன்னேன். "நாய்க்கு இதய நோயா? உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டு போனை அத்தையிடம் கொடுத்துவிட்டார்.

அறிகுறியே இல்லாத நாய்க்கு இவ்வளவு கடுமையான மருந்து தேவைதானா? இனி இவன் வீட்டுக்குள்தான் இருக்கப் போகிறான், அப்படியும் மறுபடி வருமா? ஊரில் நாம் வளர்த்த நாய்களுக்கு இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையே, அது ஏன்?

சிப்பிப்பாறையான் (கோவில்பட்டி)

உங்கள் மாமா சொன்னதில் என்ன தவறு? எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து சிப்பிப்பாறையும் கன்னியும் நிற்கின்றன. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவோம், குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுப்போம், அவ்வளவுதான். பதின்மூன்று, பதினான்கு வயது வரை முயல் விரட்டிய நாய்கள் இவை. அமெரிக்காவில் மருந்துக் கம்பெனிக்காரன் மாதம் ஒரு மாத்திரை விற்கிறான். விற்க வேண்டுமென்றால் பயமுறுத்தத்தானே வேண்டும்? நாட்டு நாய்க்கு எதிர்ப்புச் சக்தி உண்டு. நன்றாகச் சாப்பிடும் நாய்க்கு விஷ ஊசி போடாதீர்கள்.

மாட்டு_டாக்டர் (நாமக்கல், பணி ஓய்வு)

கதிர் தம்பி, மாமாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் ஊரைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதை ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனால்தான் நாய் செத்துப்போகும்.

இதயப் புழு என்பது டைரோஃபைலேரியா இம்மிடிஸ். நாய்க்கு நாய் நேராக ஒட்டாது. ஒரே தட்டில் தின்றாலும், ஒன்றையொன்று கடித்தாலும் ஒட்டாது. கொசு நடுவில் வந்தே ஆக வேண்டும். நோயுள்ள நாயின் இரத்தத்தோடு நுண்புழுவைக் குடித்த கொசுவுக்குள் அது வளர்ந்து, தொற்றக்கூடிய பருவத்தை அடைய வேண்டும். ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இதற்கு 10 முதல் 14 நாள் போதும். வெப்பம் 14 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். ஆக, நோயுள்ள ஒரு விலங்கு, கொசு, சூடு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் நோய்.

ஹூஸ்டனில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஆறும் ஓடையும் சதுப்புமாகக் கிடக்கும் ஊர். ஆசியப் புலிக்கொசு அமெரிக்காவில் வேரூன்றியதை முதலில் கண்டுபிடித்ததே 1985இல் அந்த ஊரில்தான். பழைய டயர்களில் தேங்கிய தண்ணீரோடு கப்பலில் வந்திறங்கியது. சிகிச்சை பெறாத தெருநாய்கள் ஒருபுறம், ஓடைக்கரையோரம் திரியும் கோயோட்டி என்ற, ஓநாய்க்கு உறவான காட்டு விலங்குகள் மறுபுறம். இந்தக் கோயோட்டிகளுக்கும் அதே புழு உண்டு, அவற்றுக்கு யாரும் மாத்திரை கொடுப்பதில்லை. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஆர்கன்சா மாநிலங்கள் அந்நாட்டு இதயப் புழு வரைபடத்தில் எப்போதும் கருஞ்சிவப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். கம்பெனியின் பயமுறுத்தல் இல்லை.

இனி அறிகுறி. கொசு கடித்து இரண்டு, மூன்று மாதத்தில் இளம்புழு நுரையீரல் தமனிக்குப் போய்ச் சேர்கிறது. ஆறேழு மாதத்தில் முதிர்ந்து நுண்புழுக்களை ஈனத் தொடங்குகிறது. பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் வளரும். அறுத்துப் பார்த்தால் வேகவைத்த சேமியாவை அள்ளி இரத்தக் குழாயில் அடைத்ததைப்போல் இருக்கும். ஒரு புழு ஐந்து முதல் ஏழு ஆண்டு உயிர் வாழும். அத்தனை காலமும் தமனியின் உட்சுவர் தடித்துக்கொண்டும் சுருங்கிக்கொண்டும் போகிறது. இருமலும் மூச்சிரைப்பும் வயிற்றில் நீர்க்கோப்பும் வரும்போது காரியம் பாதி கெட்டிருக்கும். அறிகுறி இல்லாத காலம்தான் சிகிச்சைக்கு ஏற்ற காலம். முத்து நல்ல நேரத்தில் உங்கள் கைக்கு வந்திருக்கிறான்.

சிப்பிப்பாறையான்

டாக்டர் ஐயா, கோவில்பட்டியில் கொசு இல்லையா, சூடு இல்லையா, தெருநாய் இல்லையா? உங்கள் கணக்குப்படி எங்கள் நாய்கள் எல்லாம் எப்போதோ செத்திருக்க வேண்டுமே?

மாட்டு_டாக்டர்

நல்ல கேள்வி. நமக்குக் குறைவாக இருப்பது அந்தக் குறிப்பிட்ட புழு. இந்தியாவில் இம்மிடிஸ் அதிகம் பதிவாகியிருப்பது அசாம், மிசோரம் போன்ற வடகிழக்குப் பகுதிகளில். தென்னிந்தியாவில் நாய் இரத்தத்தில் நுண்புழு தெரிந்தால் பெரும்பாலும் அது அதன் பங்காளியான டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ். அது தோலுக்கடியில் குடியிருக்கும், இதயத்துக்குப் போகாது. உங்கள் நாய்கள் பிழைத்ததற்குக் காரணம் அவற்றின் வீரம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எந்த நாய் இனத்துக்கும் இதயப் புழுவுக்கு எதிராகப் பிறவிக் காப்பு கிடையாது. ஒரு சிப்பிப்பாறையைக் கொண்டுபோய் லூசியானாவில் கட்டிப்போட்டால் அதற்கும் வரும். சொல்லப்போனால் ஓட்ட நாய்க்குச் சேதம் கூடுதல். எத்தனை புழு இருக்கிறது என்பதைப் போலவே நாய் எவ்வளவு ஓடுகிறது என்பதும் நோயின் கடுமையைத் தீர்மானிக்கிறது. புழு அடைத்த குழாயில் இரத்தம் வேகமாகப் பாய்ந்தால் அடி பலமாக விழும்.

இன்னொன்று. நோய் எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து நாய்கள் நாடெங்கும் அனுப்பப்பட்டன. அவற்றில் பலவற்றின் இரத்தத்தில் இந்தப் புழுவும் பயணம் செய்தது. வடகிழக்கிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் நாய்கள் வராமலா இருக்கின்றன? நம் ஊர்க் கொசுவுக்கும் இந்தப் புழுவைச் சுமக்கத் தெரியும்.

தேன்மொழி_டல்லாஸ்

கதிர் அண்ணா, எங்கள் பாப்பிக்கு இந்த ஊசிகளைப் போட்டு முடித்தாயிற்று. மருத்துவம் டாக்டர் ஐயா சொல்லட்டும், வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

ஊசியை இடுப்புக்கு மேல் முதுகெலும்பின் பக்கத்துத் தசையில் ஆழமாகப் போடுவார்கள். அன்று இரவு பாப்பி படுக்கவே இல்லை. உட்காரப் போவாள், பாதியில் எழுந்துவிடுவாள். முதுகில் கை பட்டால் முனகுவாள். மறுநாளும் குனிந்து தண்ணீர் குடிக்கத் தயங்கினாள். கிண்ணத்தை ஒரு முக்காலியின் மேல் தூக்கி வைத்த பிறகுதான் குடித்தாள். வலி மாத்திரை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக இரவு பதினொரு மணிக்கு அலையாதீர்கள்.

வலி சில நாளில் போய்விடும். அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. நாய்க்கு உடம்பு சரியாகிவிடும், ஓட வேண்டும் என்று நிற்கும், நாம் விடக் கூடாது. செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரல் குழாய்களில் போய் அடைக்கிற காலம் அது. அப்போது ஓர் அணிலைத் துரத்தினாலும் ஆபத்து. எங்கள் வீட்டில் மாடிப்படியை மறித்தோம். கூரியர்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே குதிப்பாள் என்பதால் முன்னறை ஜன்னலில் அட்டை ஒட்டினோம். சிறுநீர் கழிக்க வெளியே போவதும் குட்டையான வாரில்தான். மீதி நேரம் கூண்டு. பசுவின் எலும்பு, தயிர் தடவி உறைய வைத்த ரப்பர் பொம்மை, ஒரு டப்பாவில் துணிகளுக்கிடையே ஒளித்து வைத்த தீனி என்று மூக்குக்கும் வாய்க்கும் வேலை கொடுத்துத்தான் ஒப்பேற்றினோம். என் கணவர் பாவம் பார்த்து ஒரு நாள் கொல்லைப்புறத்தில் அவிழ்த்துவிடப் போனார். அன்று நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு மெக்சிகோ அம்மாவுக்கும் புரிந்திருக்கும்.

சிக்கனம்

இவ்வளவு கூத்து எதற்கு? மாதாந்திரத் தடுப்பு மாத்திரையையே தொடர்ந்து கொடுத்தால் கிழட்டுப் புழுக்கள் தாமாகச் செத்துவிடும். அதுவும் மாத்திரை வாங்கத் தேவையில்லை, அந்த மாத்திரையில் இருக்கும் புழுக்கொல்லியான ஐவர்மெக்டின், மாட்டுக்குப் போடும் பாட்டிலாகவே ஒன்று வாங்கினால் பத்து நாய்க்குப் பல ஆண்டு வரும். அளவு: [மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

மருந்தளவை இங்கே எழுத வேண்டாம் என்று விதிகளில் இருக்கிறது. அடுத்த முறை பதிவு முழுவதும் நீக்கப்படும்.

மாட்டு_டாக்டர்

மட்டுறுத்துநர் பொறுத்தருள வேண்டும். நான் அளவு சொல்லித்தரப் போவதில்லை, எதனால் ஆபத்து என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

இதயப் புழுத் தடுப்புக்கு ஐவர்மெக்டின் ஒரு கிலோ எடைக்கு வெறும் 6 மைக்ரோகிராம். 25 கிலோ நாய்க்கு 150 மைக்ரோகிராம். மாட்டு பாட்டிலில் ஒரு மில்லிலிட்டரில் இருப்பது 10,000 மைக்ரோகிராம். ஆக வேண்டியது 0.015 மில்லி. நம் ஊர் 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கும் குறைவு. எந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை அளப்பீர்கள்? "ஒரு மில்லிதானே" என்று போட்டால் தேவையைப்போல அறுபது மடங்குக்கு மேல் போகிறது. இரத்தம் நிறைய நுண்புழுக்களோடு இருக்கும் நாய்க்கு அப்படிப் போட்டால் அவை ஒட்டுமொத்தமாகச் செத்து அதிர்ச்சி நிலை வரலாம். கோலி என்ற மேய்ப்பு நாய் இனமோ அதன் கலப்போ என்றால் இன்னும் மோசம். எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை இருந்தால் மருந்து மூளைக்குள் நுழைந்துவிடும். தள்ளாட்டம், வலிப்பு, கோமா. தடுப்பு மாத்திரையின் சிறிய அளவு அவற்றுக்கும் பாதுகாப்பானதுதான். பாட்டிலில்தான் எமன்.

மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டு காத்திருக்கும் முறையை அமெரிக்க இதயப்புழுச் சங்கம் பரிந்துரைப்பதில்லை. புழு சாக ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அத்தனை காலமும் தமனி கெட்டுக்கொண்டே இருக்கும், அத்தனை காலமும் நாயை அடக்கியே வைத்திருக்க வேண்டும். ஓட விடாத காலத்தைக் குறைக்க நினைத்து அதை நீட்டிக்கொள்கிறீர்கள். அதோடு, மருந்துக்கு அசையாத இதயப் புழுக்கள் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. நுண்புழு சுமக்கும் நாய்க்கு அரைகுறையாக மருந்து கொடுத்து அந்தக் கூட்டத்தைப் பெருக்க வேண்டாம்.

ஊசி போடவே முடியாத நாய்கள் உண்டு. வயது, வேறு நோய், ஊசி கிடைக்காத நாடு என்று காரணங்கள் இருக்கும். மெலார்சோமைன் என்பதுதான் அந்த ஆர்சனிக் ஊசி மருந்து, இந்தியாவில் அது எளிதில் கிடைப்பதில்லை. இங்கே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் மோக்சிடெக்டின் என்ற புழுக்கொல்லியும் வைத்துத்தான் சமாளிக்கிறோம். வழியில்லாதவன் செய்வதை வழியிருப்பவன் சிக்கனம் என்று செய்யக் கூடாது.

குடந்தை_ரமணி

எங்கள் ஊரில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுத்த மாத்திரை நினைவுக்கு வருகிறது. அதுவும் கொசு, இதுவும் கொசு. அதுவும் புழு, இதுவும் புழு. அந்த மாத்திரை கேட்காதா?

மாட்டு_டாக்டர்

ரமணி ஐயா, கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. டைஎத்தில்கார்பமசின் என்ற அந்த மருந்து 1940களில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுக் குழுவிடமிருந்து வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். நாய்களுக்கும் இதயப் புழுத் தடுப்பாக அதைத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. ஐவர்மெக்டின் மாத மாத்திரை 1987இல் வந்த பிறகு அது வழக்கொழிந்தது. முத்துவைப்போல் நுண்புழு உள்ள நாய்க்கு அதைக் கொடுத்தால் அதிர்ச்சியில் இறந்தே போகலாம். வீட்டில் மிச்சம் இருந்தால் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மீனா_மட்டக்களப்பு

இலங்கையிலும் டாக்டர் சொன்ன ரெப்பென்ஸ்தான் பிரச்சினை. எங்கள் நாய்க்கு விலாவில் பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. மிருக வைத்தியர் அதைக் கீறியபோது வெள்ளை நூலாக ஒரு புழு சுருண்டு கிடந்தது, இடுக்கியால் பிடித்ததும் நெளிந்தது. நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன். மனிதருக்கும் இது வரும். கண்ணிலிருந்தும் தோலடியிலிருந்தும் இந்தப் புழுவை எடுத்த சம்பவங்கள் இங்கே பல பதிவாகியிருக்கின்றன, கேரளத்திலும் அப்படித்தான். நுளம்பு கடித்துத்தான் வருகிறது, நாயைத் தொட்டதால் இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டார் நாயைத் துரத்தச் சொல்லி ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

கதிர்_ஹூஸ்டன்

மீனா அக்கா சொன்னதைப் படித்ததும் மனைவி கேட்கிறாள்: எங்கள் மகளுக்கு மூன்று வயது, முத்துவோடுதான் உருண்டு புரள்கிறாள். இதயப் புழு அவளுக்கு வருமா? ஏற்கெனவே ஒரு பூனையும் இருக்கிறது. குளிர்காலத்தில் தடுப்பு மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

மாட்டு_டாக்டர்

முத்துவிடமிருந்து மகளுக்கு நேராக வராது. கொசு வழியாக மனிதருக்குள் நுழைந்தாலும் இதயப் புழு நம் உடம்பில் பொதுவாக முதிர முடியாமல் செத்துவிடும். அபூர்வமாக நுரையீரலில் ஒரு சிறு முடிச்சாக நின்று, எக்ஸ்ரேயில் புற்றுநோயோ என்று பயமுறுத்தும். உருண்டு புரளட்டும், ஊசி போட்ட பிறகு மட்டும் துரத்திப் பிடித்து விளையாட வேண்டாம்.

பூனைக்கு வரும். ஒன்றிரண்டு புழுவே பூனையைக் கொல்லப் போதும். ஆஸ்துமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இறந்துபோகும் பூனைகள் உண்டு. மெலார்சோமைன் பூனைக்கு ஆகாது, ஆகவே தடுப்பு ஒன்றுதான் வழி. வீட்டுப் பூனை வெளியே போவதில்லை என்பீர்கள். கொசு உள்ளே வருகிறதே!

குளிர்காலத்தில் நிறுத்துவதைப் பற்றி: தடுப்பு மாத்திரை முன்னோக்கி வேலை செய்வதில்லை, பின்னோக்கி வேலை செய்கிறது. இன்று கொடுக்கும் மாத்திரை போன மாதம் நுழைந்த இளம்புழுக்களைக் கொல்கிறது. அவை ஐம்பது நாளைத் தாண்டி அடுத்த பருவத்துக்கு மாறத் தொடங்கினால் மாத்திரைக்குச் சரியாக அடங்காது. எனவே ஒரு மாதம் மறந்தால் அதற்குள் நுழைந்த புழுக்களில் சில தப்பிவிடலாம். ஹூஸ்டனில் குளிர்காலம் என்று எதைச் சொல்கிறார் உங்கள் அலுவலக நண்பர்? நகரத்தின் கான்கிரீட் இரவிலும் சூட்டை விடாது; கார் நிறுத்துமிடத்து வடிகால் கொசுவுக்குப் போதும். ஆண்டு முழுவதும் கொடுங்கள்.

குமரன்_பிரிஸ்பேன்

இங்கே குவின்ஸ்லாந்தில் ஆண்டுக்கு ஒரு முறை போடும் மோக்சிடெக்டின் ஊசி சாதாரணம். மறதிக்காரர்களுக்கு அதுதான் நல்லது, என்னையும் சேர்த்துத்தான். கொசு வராத ஊர் என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி வறண்ட ஊர். அங்கே நட்டு வளர்த்த மரங்களின் பொந்துகளில் ஒரு கொசு இனம் குடியேறிய பிறகு இதயப் புழுவும் நிலைத்துவிட்டது. நிழலுக்கு மரம் வைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்கவா போகிறார்கள்?

சிப்பிப்பாறையான்

சரி டாக்டர், ஒத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் என் தம்பி குவாஹாத்தியில் இராணுவத்தில் இருக்கிறான். அங்கே வளர்த்த நாயை மாற்றலாகி வரும்போது இங்கே கொண்டுவரப் போகிறான். என்ன பார்க்க வேண்டும்?

மாட்டு_டாக்டர்

ஏழு மாதத்துக்கு மேற்பட்ட நாய் என்றால் ஆன்டிஜென் சோதனை, கூடவே இரத்தத்தில் நுண்புழுச் சோதனை. இரண்டும் வேண்டும். ஆன்டிஜென் சோதனை முதிர்ந்த பெண் புழுவைத்தான் காட்டிக்கொடுக்கும். தொற்றி ஐந்து மாதத்துக்குள் எடுத்தால் ஒன்றும் தெரியாது. அதனால் முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இரத்தத்தை மாலைக்கு மேல் எடுத்தால் நுண்புழு அகப்பட வாய்ப்பு கூடுதல். நுண்புழு இருந்து ஆன்டிஜென் இல்லை என்றால் ரெப்பென்ஸாக இருக்கலாம். நுண்ணோக்கியில் தலையையும் வாலையும் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், சோர்வு இருந்தால் முதலில் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகியுங்கள், நம் பக்கம் அதுதான் அதிகம்.

கதிர்_ஹூஸ்டன்

ஊசி போடுவது என்று முடிவு செய்துவிட்டோம். இன்று தடுப்பு மாத்திரையும் டாக்சிசைக்ளினும் தொடங்கியாயிற்று. டாக்சிசைக்ளின் நான்கு வாரம் இரண்டு வேளை, பிறகு ஒரு மாதம் காத்திருப்பு, 60ஆம் நாள் முதல் ஊசி, 90, 91ஆம் நாள்களில் அடுத்த இரண்டு. புழுவைக் கொல்ல ஊசி இருக்கும்போது இந்த ஆன்டிபயாட்டிக் எதற்கு, இரண்டு மாதம் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டேன்.

மாட்டு_டாக்டர்

புழுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. புழு சாகும்போது அது வெளிப்பட்டு வீக்கத்தைக் கிளப்பும். டாக்சிசைக்ளின் அதை முன்னதாகவே ஒழித்துப் புழுவையும் நலிவடையச் செய்கிறது. காத்திருப்பதற்குக் காரணம், இப்போது முத்துவின் உடம்பில் ஊசிக்கு அடங்காத இளம்புழுக்களும் இருக்கலாம். தடுப்பு மாத்திரை சிறியவற்றைக் கொல்லும், நடுத்தரமானவை ஊசிக்கு ஏற்ற பருவத்தை எட்டும். மூன்று ஊசி முறையில் 98 விழுக்காடு வரை புழு ஒழியும் என்பது கணக்கு.

டாக்சிசைக்ளினைச் சோற்றோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி எடுப்பான். அடக்கி வைப்பது ஊசி நாளிலிருந்து இல்லை, இன்றிலிருந்தே. கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் கூண்டும் வாரும்தான். யாராவது இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பழுப்பு நிறத்தில் சிறுநீர் போனாலோ, ஈறு வெளுத்துத் துவண்டு விழுந்தாலோ, இருமலில் இரத்தம் தெரிந்தாலோ இங்கே பதிவு போட்டுக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள்.

தேன்மொழி_டல்லாஸ்

அண்ணா, கூண்டு வாங்க வேண்டாம். எங்களிடம் பெரியது ஒன்று சும்மா கிடக்கிறது. அடுத்த வாரம் இவர் வேலையாக ஹூஸ்டன் வருகிறார், காரில் போட்டு அனுப்புகிறேன். தனி மடலில் முகவரி அனுப்புங்கள்.